கிளாரினெட்டுக்கு ஒரு நரசிங்கம்பேட்டை வேணும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ராகம், கட்டைன்னாலே அலர்ஜி உள்ளவங்களும் தைரியமா படிக்கலாம். நடுவுல ஒரு கணக்கு வரும், சின்னக் கணக்குதான். :-)

நேரா மேட்டருக்கு வர்றேன் மக்களே. கிளாரினெட் நம்ம ஊருக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 19ஆம் நூற்றாண்டுலயே சதிராட்டத்துக்கு வாசிக்கிற சின்ன மேளத்துல, முகவீணை இருந்த இடத்தைப் பிடிச்சது. அப்புறம் கல்யாண ஊர்வலம், சாமி புறப்பாடு, கச்சேரி மேடைன்னு எங்கெங்கயோ போச்சு. ஏ.கே.சி. நடராஜன் 2008ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கினார். 2022ல் பத்மஸ்ரீயும் வந்தது. அதுக்கு மேல இந்த வாத்தியம் நம்மளோடதா இல்லையான்னு யாரும் பட்டிமன்றம் வைக்கத் தேவையில்லை.

ஆனா ஒரு கேள்வி. இசைக் கருவி விக்கிற கடைக்குள்ள போய் "நம்ம சங்கீதம் வாசிக்கத் தோதா ஒரு கிளாரினெட் குடுங்க"ன்னு கேட்டா என்ன கிடைக்கும்? நான் ஏறி இறங்கின கடைகள்ல எல்லாம் கிடைச்சது ரெண்டே ரகம். ஒண்ணு, பத்தாயிரம் சொச்சத்துக்கு வர்ற பிளாஸ்டிக் சமாச்சாரம். இன்னொண்ணு, சில லட்சம் ஆகுற ஃபாரின் சரக்கு. ரெண்டுமே மேற்கத்திய சங்கீதத்துக்காகத் துளை போட்டது. நம்ம ஆளு வாங்கி, மெழுகு வெச்சு, டேப் ஒட்டி, உதட்டைக் கடிச்சு சரிக்கட்டிக்கணும்.

இதுக்குக் கம்பெனிக்காரனைத் திட்டி ஜல்லி அடிக்கப் போறதில்லை. எனக்குத் தோணுறது இதுதான்: நாம கேட்கவே இல்லை. வாத்தியம் செய்யறவன் கிட்ட வாசிக்கிறவன் போய், "எனக்கு இது இது வேணும்"னு எழுதிக் குடுத்தாத்தான் வாத்தியம் மாறும். உலகம் முழுக்க அப்படித்தான் மாறியிருக்கு. நம்ம பக்கத்துலயே அப்படி மாறியிருக்கு.

எனக்கு ஏன் இந்த அக்கறைன்னு கேப்பீங்க. அடியேன் பொட்டி தட்டுற ஜாதி. திருத்தணியில இருந்து சென்னைக்கு ரயில்ல போய் ஆணி புடுங்கிட்டு வர்றவன். ஆனா திருத்தணியில முகூர்த்த நாள்னா காதை மூடிக்கிட்டு இருக்க முடியாது. மலை மேல கல்யாணம், மலைக்குக் கீழ மண்டபத்துல கல்யாணம், நகரி, புத்தூர்ப் பக்கத்துல இருந்து வர்ற தெலுங்குக் கல்யாணம். 1960 ஏப்ரல்ல எல்லையை மாத்தினப்போ ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துடுச்சே தவிர, மேளம் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாத்தான் இருக்கு. அந்த பேண்ட் செட்டுகள்ல கிளாரினெட் வாசிக்கிறவங்க சில பேர் எனக்குப் பழக்கம்.

அதுல ஒரு அண்ணன் சொன்னது: "தம்பி, வாத்தியம் என்னை மாதிரி இல்ல, நான்தான் வாத்தியம் மாதிரி ஆயிட்டேன். அதுக்கு வராத சங்கதியை நானும் விட்டுட்டேன்."

இந்த ஒரு வரி போதும், இந்தப் பதிவுக்கு. கையில வித்தை இருக்கு, ஆனா குழாய்ல வராத சங்கதியை மனுஷன் மறந்துடறான். அவர்கிட்ட கத்துக்கிற பையனுக்கு அப்படி ஒரு சங்கதி இருக்குன்னே தெரியாது. இன்னொரு பக்கம் கேரளாவுல இருந்து செண்டை மேளம், இந்தப் பக்கம் டிஜே செட். "கிளாரினெட்டா? அது சினிமாப் பாட்டு வாசிக்கிற பீப்பீதானே"ன்னு கல்யாண வீட்டுக்காரங்க சொல்லிட்டா அந்த முகூர்த்தம் போச்சு. இது அவங்க சோத்துப் பிரச்சினை.

சரி, குழாய்ல அப்படி என்னதான் சிக்கல்?

நாகஸ்வரமும் புல்லாங்குழலும் ரொம்ப சாதுவான பிறவிங்க. கீழ ஸ வாசிக்கிற விரலை அப்படியே வெச்சு அழுத்தி ஊதினா மேல் ஸ வரும். ஒரு ஸ்தாயி கத்துக்கிட்டா அடுத்த ஸ்தாயிக்கும் பெரும்பாலும் அதே விரல்தான். கிளாரினெட் அப்படி இல்லை. அது ஒரு பக்கம் அடைச்ச நேர்க்குழாய் மாதிரி நடந்துக்கும். அதனால பின்னாடி இருக்குற கட்டைவிரல் சாவியை அமுக்கினா ஒரு ஸ்தாயி தாண்டி, அதுக்கும் மேல ஒரு பஞ்சமம் ஏறி நிக்கும். அதாவது கீழ ஸ பிடிச்ச விரல், மேல போனா ப ஆயிடும். ஒரே ஸ்வரத்துக்குக் கீழ் வீட்டுல ஒரு விரல், மாடியில வேற விரல்.

இதுனால இன்னொரு வில்லங்கம். கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் நடுவுல ஒரு பிளவு இருக்கு. அதுக்குக் கீழ இருக்குற ஸ்வரத்துல ரெண்டு விரல்தான் வேலை செய்யும். அடுத்த ஸ்வரத்துக்குப் போனா கிட்டத்தட்ட எல்லா விரலும் ஒரே சமயத்துல மூடணும். மேற்கத்திய சங்கீதத்துல இது பயிற்சியில சரியாயிடற விஷயம், ஒரு ஸ்வரத்தை விட்டு அடுத்த ஸ்வரத்துல குதிச்சா போதும். நமக்கு அது போதுமா? அந்த ரெண்டு ஸ்வரத்துக்கும் நடுவுலதானே நம்ம ஆளு ஊஞ்சல் ஆடுறான்!

இப்போ கணக்கு. கடையில சாதாரணமா கிடைக்கிறது பி-ஃப்ளாட் கிளாரினெட். அதுல பிளவு விழுற இடம் ஜி-ஷார்ப்புக்கும் ஏ-வுக்கும் நடுவுல. 2½ கட்டை சுருதின்னா ஸட்ஜம் டி-ஷார்ப். எண்ணிப் பாருங்க, ஜி-ஷார்ப் சுத்த மத்யமம், ஏ பிரதி மத்யமம். ஆக சங்கராபரணத்துல ம-விலிருந்து ப-வுக்கு ஒவ்வொரு தடவை போகும்போதும் பள்ளத்தைத் தாண்டணும். 2 கட்டைன்னா ஸட்ஜம் டி. அப்போ பிளவு பிரதி மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவுல. கல்யாணி வாசிக்கிறவன் கதி என்னன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அதே 2½ கட்டைக்கு, ஏ கிளாரினெட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதை எடுத்தா பிளவு அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவுல வந்து உக்காரும். கிழிஞ்சது. சி கிளாரினெட்டை எடுத்தா பஞ்சமத்துக்கு மேல போயிடும். பஞ்சமம் ஆடாத ஸ்வரம், அதுல நின்னு மூச்சு விட்டு ஏறலாம். முழுத் தீர்வு இல்லை, ஆனா ம-ப போக்குவரத்து நிம்மதி. பிளவு எங்கயாவது ஒரு இடத்துல விழுந்தே தீரும், அது இயற்பியல். எங்க விழணும்ங்கறது மட்டும் நம்ம கையில இருக்கு. எந்த சுருதிக்கு எந்த நீளக் குழாய்னு யோசிச்சாலே பாதித் தலைவலி போகும்.

அடுத்தது சாவிகள். இப்போ புழக்கத்துல இருக்குறது போம் முறை. க்ளோஸேங்கிற வாத்தியக்காரரும் பூஃபேங்கிற கருவி செய்யறவரும் சேர்ந்து உருவாக்கி, 1839ல் பாரிஸ்ல காட்சிக்கு வெச்சாங்க. 17 சாவி, 6 வளையம். விரலால துளையை மூடும்போது அந்த வளையமும் அமுங்கி வேற எங்கயோ ஒரு மூடியை மூடும். பன்னிரண்டு ஸ்வரமும் சுத்தமா, வேகமா வரணும்னா இதைவிட நல்ல ஏற்பாடு கஷ்டம். ஆனா விரலைப் பாதி நகர்த்தி, துளையைப் பாதி திறந்து இழைக்கப் பார்த்தா, வளையம் எழும்பினவுடனே அந்த மூடி டக்குனு திறந்துக்கும். கமகம் படிக்கட்டா மாறிடும். சமாளிக்க முடியாதுன்னு இல்லை, பெரிய வித்வான்கள் உதட்டாலயும் தொண்டையாலயும் சமாளிச்சிருக்காங்க. அதுக்கு முந்தைய எளிய முறையில, ஆல்பர்ட் முறைன்னு சொல்றது, சாவியும் வளையமும் குறைவு. விரலுக்கு சுதந்திரம் ஜாஸ்தி.

"அப்போ வயலின் மட்டும் எப்படி இவ்வளவு சுலபமா செட் ஆச்சு?"ன்னு கேக்கறவங்களுக்கு, கதை எங்க ஊரை ஒட்டித்தான் போகுது. முத்துசாமி தீட்சிதர் தன் முதல் கிருதியைப் பாடினது திருத்தணி மலையிலதான்னு சம்பிரதாயம். அவர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்துல மணலியில இருந்தப்போ வெள்ளைக்காரங்க பேண்ட் இசை காதுல விழுந்திருக்கு. அந்த மெட்டுகளுக்குத்தான் தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்யங்கள் எழுதினார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கத்துக்கிட்டு அதை நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்தார். வயலினுக்குத் துளை கிடையாது, மெட்டு கிடையாது. தந்தியை ஸ-ப-ஸ-ப ன்னு மாத்தி, சம்மணம் போட்டு உக்காந்து, தலைப்பகுதியைக் கால் மேல வெச்சுட்டா விரல் எங்க வேணா வழுக்கலாம். பெட்டியில கை வைக்கவே வேணாம். கிளாரினெட் அப்படி இல்லை. துளை எங்க இருக்குங்கறதைப் போட்டவன் முடிவு பண்ணிட்டான். அதனால அதைச் செய்யறவன் கிட்ட பேசாம இந்த வாத்தியத்தை முழுசா நம்மளோடதா ஆக்க முடியாது.

செய்யறவன் கிட்ட பேசினா என்ன ஆகும்? நரசிங்கம்பேட்டை போய்ப் பாருங்க. கும்பகோணம் பக்கத்துல இருக்குற சின்ன ஊர், நாகஸ்வரம் செய்யற ஊர். பழைய வீட்டு உத்தரம், தூண்ல இருந்து எடுத்த ஆச்சா மரத்தைக் கடைஞ்சு உலவு செய்வாங்க. நாகஸ்வரத்துல ரொம்ப நாளா ஒரு குறை இருந்தது. சுத்த மத்யமம் நேரா நிக்காது, மூச்சாலயும் உதட்டாலயும்தான் சரிக்கட்டணும். வாசிக்கிறவங்க அதையே பழக்கமாக்கிக்கிட்டு ஓட்டினாங்க. அப்புறம் ரங்கநாத ஆசாரி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காகத் துளைக் கணக்கைப் போட்டுப் போட்டு அழிச்சு, சுத்த மத்யமம் நேரா பேசுற பாரி நாகஸ்வரத்தைச் செஞ்சார். இன்னைக்குக் கச்சேரியில நாம கேக்கற அந்த ஆழமான நாதம் அந்த வழியில வந்தது. 2022 மார்ச்சுல நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது.

கவனிங்க, ராஜரத்தினம் பிள்ளை அந்தக் குறையை வெச்சுக்கிட்டே வாசிச்சு ஜெயிச்சிருக்க முடியும். அவர் வித்தைக்கு அது ஒரு பொருட்டா? ஆனா வாத்தியம் மாறினதால, அவர் அளவுக்கு வித்தை இல்லாத ஆயிரம் பேருக்கும் சுத்த மத்யமம் கிடைச்சது. நல்ல கருவியால மேதையை விட சராசரி ஆளுக்குத்தான் லாபம். திருத்தணி பேண்ட் செட் அண்ணனுக்கு வேண்டியதும் அதுதான்.

"நாலு பேர் வாசிக்கிற வாத்தியத்துக்கு எவன்யா தனியா செஞ்சு தருவான்?" வரும், இந்தக் கேள்வி வரும். வியன்னா பில்ஹார்மோனிக்னு ஒரு இசைக்குழு. அவங்களோட ஓபோ, ஹார்ன், கிளாரினெட் எல்லாமே மத்த ஊர் மாதிரி இல்லை, தனி அமைப்பு. ஒரு கட்டத்துல அதைச் செய்யறவங்க அருகிப் போனாங்க. "சரி, எல்லாரும் வாசிக்கிறதையே வாசிப்போம்"னு அவங்க விடலை. 1970கள்ல ஜப்பான் யமஹா கம்பெனியோட உக்காந்து பேசி, தங்களுக்குன்னு வாத்தியம் செய்ய வெச்சாங்க. ஒரே ஒரு ஊரோட இசைக்குழு! அவங்க பேருக்கு ஒரு மவுசு இருக்கு, பணமும் இருக்கு, ஒத்துக்கறேன். அப்படின்னா துருக்கியைப் பாருங்க. அங்க கல்யாண வீட்டுலயும் கேளிக்கையிலயும் வாசிக்கிறது ஜி சுருதியில, ஆல்பர்ட் முறையில செஞ்ச நீளமான கிளாரினெட். நம்மளை மாதிரியே வழுக்கி, குழைஞ்சு வாசிக்கிற சங்கீதம். உலகமே போம் முறைக்குப் போன பிறகும் அவங்க "எங்களுக்கு இதான் வேணும்"னு நின்னாங்க. அதனால இன்னமும் அவங்களுக்காக அதைச் செய்யற ஆட்கள் இருக்காங்க. அவங்க மகாராஜா வீட்டு வித்வான்கள் இல்லை, நம்ம பேண்ட் செட் அண்ணன் மாதிரி ஆளுங்கதான்.

1825ல் பாரிஸ்ல ஆரம்பிச்ச பூஃபே கிராம்போன் கம்பெனியும் வாத்தியக்காரங்க புலம்பலைக் கேட்டுத்தான் மாறுது. அடி ஸ்வரம் ஒண்ணு கொஞ்சம் இறங்கியே பேசுதுன்னு ரொம்ப நாள் புகார். டோஸ்காங்கிற மாடல்ல அதுக்குன்னே ஒரு சாவியைச் சேர்த்தாங்க. கருங்காலி வகை மரம் வறண்டா வெடிக்குதுன்னு இன்னொரு புகார். அந்த மரத்தூளை 95 சதவீதம் எடுத்து, மீதிக்கு கார்பன் இழையும் பிசினும் கலந்து வெடிக்காத கிரீன்லைன் கிளாரினெட் வந்தது. இதைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது எங்க ஊர் சித்திரை வெயில். நாலு மணி நேரம் ரோட்டுல ஊர்வலம் போற மர வாத்தியம் என்ன பாடு படும்? அந்தப் புகாரை எழுதிக் குடுக்க நம்ம பக்கத்துல யாரு இருக்கா?

இன்னொரு எதிர்ப்பும் வரும்: "நாகஸ்வரமே நலிஞ்சு கிடக்கு, அந்நிய வாத்தியத்துக்கு என்ன வக்காலத்து?" ஐயா, வயலினும் அந்நியம்தான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எடுத்தது எலெக்ட்ரிக் மாண்டலின், இரட்டைத் தந்திகளை எடுத்துட்டு அஞ்சு ஒற்றைத் தந்தியா மாத்திக்கிட்டார். கத்ரி கோபால்நாத் சாக்ஸஃபோனைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தார். கிளாரினெட்டை வளர்த்தா நாகஸ்வரம் தேயும்னு இல்லை. நரசிங்கம்பேட்டைப் பட்டறைக்கு இன்னொரு வேலை கிடைச்சா அந்தப் பட்டறைப் பையன் ஊரை விட்டுப் போகாம இருப்பான், அவ்ளோதான்.

என் யோசனை இது. மரத்தைக் கடையுற கை நரசிங்கம்பேட்டையில இருக்கு. கூம்பு வடிவ நாகஸ்வரத்தைக் குடையற கைக்கு நேர்க்குழாய் பெரிய சவால் இல்லைன்னு நினைக்கிறேன். உலோகச் சாவி அடிக்கிற கை மீரட் ஜாலி கோட்டியில இருக்கு, பேண்ட் வாத்தியங்களைத் தலைமுறை தலைமுறையா செய்யற தெரு அது. இல்லாத ஒரே விஷயம், ரெண்டு பேருக்கும் காட்ட ஒரு காகிதம். நம்ம பாஷையில சொன்னா ரெக்வயர்மெண்ட் டாக்குமெண்ட். அது இல்லாம கோடு எழுத ஆரம்பிச்சா என்ன ஆகும்னு பொட்டி தட்டுற மக்களுக்கு நான் சொல்லணுமா. :-)

அந்தக் காகிதத்துல என்ன இருக்கணும்? எந்தக் கட்டை சுருதிக்கு, பிளவு எந்த ஸ்வரத்துல விழலாம், எங்க விழக்கூடாது. எந்தெந்தத் துளை சாவி இல்லாம விரலுக்கு நேரடியா இருக்கணும். எந்தச் சாவியை யாருமே தொடறதில்லை, தூக்கிடலாம். வெயிலுக்கு மரமா, எபோனைட்டா, பிளாஸ்டிக்கா. மூடியோட பேடு பிய்ஞ்சா அரக்கோணத்துலயோ திருத்தணியிலயோ சரி பண்ண முடியுமா. ரீடு பிரான்ஸ்ல இருந்துதான் வரணுமா, இல்லை காவிரிக் கரை கொறுக்கந்தட்டையில சீவாளி செய்யற கையால இதையும் சீவ முடியுமா. கடைசியா, ஒரு சீசன் வருமானத்துல வாங்கக் கூடிய விலை.

இதுக்கான பதில் பாதி ஏற்கனவே எழுதித்தான் இருக்கு, வாத்தியங்கள் மேல. பழைய கிளாரினெட்டைக் கையில வாங்கிப் பாருங்க. எந்தத் துளையில மெழுகு, எந்தத் துளையில டேப், எந்தச் சாவியை ரப்பர் போட்டுக் கட்டி வெச்சிருக்கார், எங்க அரம் போட்டுத் துளையைப் பெருசாக்கியிருக்கார். அது ஒவ்வொண்ணும் ஒரு பக் ரிப்போர்ட். ஒவ்வொரு வித்வானும் தனித்தனியா இருபது வருஷம் மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சு, யாருக்கும் சொல்லாம பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறார். அவர் போன பிறகு பேரன் அதைப் பழைய சாமான் கடையில போட்டுடறான். ஒரு முழு ஆராய்ச்சி எடைக்குப் போகுது மக்களே.

நான் எங்க ஊர்ல ஆரம்பிச்சுட்டேன். ஒரு வெர்னியர் அளவுகோல், செல்போன்ல ஒரு இலவச சுருதி பார்க்கும் ஆப், ஒரு நோட்டு. இதுவரைக்கும் மூணு வாத்தியத்துக்குத் துளை விட்டம், இடைவெளி, மெழுகு வெச்ச இடம், ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு ஏறி இறங்கி நிக்குதுன்னு குறிச்சிருக்கேன். மூணுலயும் மேல இருந்து அதே ஒரு துளையில மெழுகு இருக்கு. வாசிக்கிற மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

தஞ்சாவூர், திருச்சி, மதுரை, யாழ்ப்பாணம், மலேசியான்னு உக்காந்து பதிவு போடற நண்பர்களே, கும்மி அடிக்கறதை ஒரு நாள் தள்ளி வைங்க. உங்க ஊர்ல கிளாரினெட் வாசிக்கிறவர் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். ஒரு டீ வாங்கிக் குடுத்து, "அண்ணே, இதுல உங்களுக்கு எது இடைஞ்சல்?"னு கேளுங்க. பேர், ஊர் வேணாம், சுருதியும் குறையும் மட்டும் போதும். எப்படி அளக்கறதுன்னு ஒரு பக்கத்துக்குத் தனிக் குறிப்பு எழுதி வெச்சிருக்கேன், கேட்டா அனுப்பறேன். இருபது, முப்பது வாத்தியம் சேர்ந்தா அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டு நரசிங்கம்பேட்டைக்குப் பஸ் ஏறிடலாம். கூட வர்றவங்க பின்னூட்டத்துல கை தூக்குங்க.